தெருவோர மாற்றுத்திறனாளி பார்க்கிங்: அக்கம்பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்புத் தெருக்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று கோடு போட்டு ஒதுக்கிய இடத்தில் மற்றவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போவது பற்றி என்னிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. என் தம்பிக்கு முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. கையாலேயே பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் இயக்கும்படி மாற்றிய காரை அவனே ஓட்டுகிறான். அது தெரிந்து, இடம் கிடைக்காமல் அவதிப்படுபவர்களும் கேட்கிறார்கள், "அங்கே நிறுத்தினால் என்ன தப்பு?" என்பவர்களும் கேட்கிறார்கள். இரு பக்கத்துக் கேள்விகளையும் கேட்டபடியே போட்டிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், சட்டம் வரும் இடங்களில் எந்த நாடு என்றும் சொல்லியிருக்கிறேன்.

சக்கர நாற்காலி படம்தானே போட்டிருக்கு? அப்போ சக்கர நாற்காலியில இருக்கறவங்களுக்கு மட்டும்தானா இந்த இடம்?

இல்லை. அந்தப் படம் ஓர் அடையாளம், அவ்வளவுதான். 1968இல் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபோட் என்ற மாணவி வரைந்தது. அடுத்த ஆண்டு தலைப்பகுதிக்கு ஒரு வட்டம் சேர்த்து உலகப் பொதுச் சின்னமாக ஏற்றுக்கொண்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக எளிமையாக வைத்த படம்.

செயற்கைக் கால் பொருத்தியவர்கள், பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்கும் நுரையீரல் நோயாளிகள், இதய நோயாளிகள், மூட்டு வாதம் முற்றியவர்கள், நரம்புத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் என்று பலருக்கும் இந்த இடம் உரியது. இங்கிலாந்தில் 2019 ஆகஸ்ட் 30 முதல் வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும், அதாவது கடுமையான ஆட்டிசம், மனநலப் பாதிப்பு போன்றவற்றுக்கும், நீல அட்டை (அங்கே மாற்றுத்திறனாளி பார்க்கிங் அட்டைக்குப் பெயர்) வாங்க வழி செய்தார்கள். யாருக்கு உரிமை என்பதை முடிவு செய்வது அரசு தரும் பார்க்கிங் அட்டை அல்லது சிறப்பு நம்பர் பிளேட். ஆள் பார்க்க எப்படி இருக்கிறார் என்பது கணக்கில் வராது.

ஏன் இவ்வளவு அகலமா கோடு போடறாங்க? ஒன்றரை கார் நிறுத்தலாம் போல இருக்கே, வீண்தானே?

பலரும் இந்த இடம் "வாசலுக்குப் பக்கத்தில்" இருப்பதுதான் சலுகை என்று நினைக்கிறார்கள். பக்கம் என்பது பாதிதான். மீதிப் பாதி அகலம். இதை என் தம்பி காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தால் புரியும். கதவை முழுசாகத் திறப்பான். சக்கர நாற்காலியின் இரண்டு சக்கரங்களும் பின் சீட்டில் தனியாகக் கிடக்கும். சட்டகம் பக்கத்து சீட்டில் இருக்கும். சீட்டைச் சாய்த்துக்கொண்டு சட்டகத்தைத் தன் நெஞ்சுக்கு மேலாகத் தூக்கி வெளியே தரையில் வைப்பான். ஒரு சக்கரம், அடுத்த சக்கரம், ஒவ்வொன்றும் "டக்" என்று மாட்டிக்கொள்ளும் வரை அழுத்துவான். மெத்தையைப் போடுவான், பிரேக் போடுவான், கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வெளியே வைப்பான், அப்புறம்தான் உடம்பை நாற்காலிக்கு மாற்றுவான். இத்தனைக்கும் கதவருகே ஒரு மீட்டருக்கு மேல் வெற்று இடம் வேண்டும். பக்கத்து வண்டி அரை மீட்டரில் நின்றால் சட்டகம் வெளியே வரவே வராது.

அதனால்தான் இந்தியாவின் கட்டட வழிகாட்டு நெறிகள் ஓர் இடத்துக்கு 3.6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் கேட்கின்றன. அமெரிக்காவில் காருக்கு 8 அடி, அதை ஒட்டி இறங்குவதற்கு குறைந்தது 5 அடி. பிரிட்டனில் தெருவோரக் கட்டத்துக்குப் பரிந்துரைக்கும் நீளம் 6.6 மீட்டர். சில வண்டிகளில் சாய்தளம் பின்பக்கமாக இறங்கும். அது இறங்கி நாற்காலியும் இறங்கித் திரும்ப வேண்டும் என்பதால்தான் இந்த நீளம்.

அஞ்சே நிமிஷம்தாங்க. எஞ்சினைக்கூட அணைக்கலை, நான் உள்ளேயேதான் உட்கார்ந்திருந்தேன். அதுவும் தப்பா?

தப்புதான். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உங்களிடம் வந்து "கொஞ்சம் எடுங்க" என்று சொல்ல அவர் வண்டியிலிருந்து இறங்க வேண்டும். இறங்க இடம் இருந்தால்தானே இறங்குவார்? ஹார்ன் அடித்தால் தெருவே எட்டிப் பார்க்கும். பெரும்பாலானவர்கள் ஹார்னும் அடிப்பதில்லை. ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார்கள். அதற்குள் நீங்கள் போயிருப்பீர்கள், இன்னொரு "அஞ்சு நிமிஷம்" வந்து நிற்கும். அந்தச் சுற்றுகள் உங்கள் கண்ணில் படுவதே இல்லை.

இன்னொன்று, சிறுநீர்ப்பைக் கட்டுப்பாடு இல்லாதவர்கள், டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வருபவர்கள், வலி மருந்தின் நேரம் தப்பக்கூடாதவர்கள் இந்த இடத்தைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்குக் கால் மணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை.

கட்டத்துக்குள்ள நிறுத்தலை, பக்கத்துல சாய்வுக்கோடு போட்ட இடத்துலதான் பைக்கை வெச்சேன். அதுக்குமா சண்டை?

அந்தச் சாய்வுக்கோடுதான் மேலே சொன்ன இறங்கும் இடம். அங்கே பைக் நின்றால் கட்டம் முழுசாகக் காலியாக இருந்தும் பயனில்லை. நடைபாதை ஓரத்தில் வைக்கும் குப்பைத்தொட்டி, பூந்தொட்டி, கட்டட மணல் எல்லாம் இதே கணக்குதான், ஏனென்றால் பக்கவாட்டில் சாய்தளம் இறங்கும் வண்டிகள் நடைபாதைப் பக்கம்தான் இறக்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. அவர் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன பிறகு நீங்கள் அந்தக் கோட்டில் வண்டியை வைத்தால், திரும்பி வந்து அவர் தன் காருக்குள்ளேயே ஏற முடியாது.

எங்க அப்பாவுக்கு அட்டை இருக்கு. நான் அவருக்கு மருந்து வாங்கத்தான் போறேன், அப்போ அதை வெச்சு நிறுத்தலாமா?

அட்டை உங்கள் அப்பாவுக்குக் கொடுத்தது, காருக்கோ குடும்பத்துக்கோ கொடுத்தது இல்லை. அவரை ஏற்றவோ இறக்கவோ போகும்போது பயன்படுத்தலாம். அவர் வீட்டில் இருக்க, நீங்கள் மட்டும் போய்வரப் பயன்படுத்தினால் அது துஷ்பிரயோகம், மருந்து அவருக்காகவே இருந்தாலும். பிரிட்டனில் இதற்கு வழக்குப் போடுகிறார்கள், அட்டையையே திரும்ப வாங்கவும் முடியும். நஷ்டம் உங்கள் அப்பாவுக்குத்தான்.

அட்டை இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதும் தவறு. அடுத்த வீட்டு கேட்டை மறிக்க எந்த அட்டையும் அனுமதி தருவதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஜம்முன்னு நடந்து போறார். கேட்டா அட்டை இருக்குன்னு காட்டறார். ஏமாத்தி வாங்கியிருப்பாரோ?

இருக்கலாம், ஆனால் நீங்கள் பார்த்ததை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. முதல் கேள்வியில் சொன்ன நோய்களில் பல, நாளுக்கு நாள் மாறும். காலையில் நடப்பவர் மாலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். நீங்கள் பார்ப்பது காரிலிருந்து வாசல் வரையிலான இருபது அடி. இருபத்தோராவது அடியில் என்ன ஆகிறது என்பது வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தச் சந்தேகத்தால் நொந்துபோனவர்களை எனக்குத் தெரியும். வயது குறைவான பெண்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள், தெருவில் நிறுத்தி வைத்து "உனக்கு என்ன வியாதி?" என்று கேட்கிறார்கள். யாருக்கும் தன் நோயை ஊருக்கு விளக்கும் கடமை இல்லை. அட்டை காலாவதியானது, வேறொருவருடையது என்று நிஜமாகவே காரணம் இருந்தால் அட்டை கொடுத்த அலுவலகத்துக்கு எழுதுங்கள். அவர்களால் மட்டும்தான் சரிபார்க்க முடியும்.

என் வீட்டு வாசல்ல, நான் விண்ணப்பிச்சு வாங்கின கட்டம். அதுல வேற தெருக்காரர் அட்டையோட வந்து நிறுத்தறார். நான் தடுக்கலாமா?

மனசுக்குக் கஷ்டமான பதில்: பொதுத்தெருவில் போட்ட கட்டம் பெரும்பாலும் யாருடைய பெயரிலும் இல்லை. செல்லுபடியாகும் அட்டை உள்ள எவரும் நிறுத்தலாம். நெதர்லாந்தில் குறிப்பிட்ட நம்பர் பிளேட்டுக்கென்றே பலகை வைத்துத் தனி இடம் தருவது வழக்கம். வேறு சில நகரங்களிலும் அப்படி உண்டு. உங்கள் உள்ளாட்சியில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இல்லையென்றால், அவரும் உங்களைப் போல இடம் தேடி அலைபவர் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து இரண்டாவது கட்டம் கேட்டு மனு போடுவது, தகராறு செய்வதைவிட வேலைக்கு ஆகும்.

தரையில கோடு இருக்கு, ஆனா பலகை எதுவும் இல்லை. போலீஸ் வந்து பார்த்துட்டு எதுவும் செய்ய முடியாதுன்னு போயிட்டாங்க. எப்படி?

பிரிட்டனில் இது ரொம்பச் சகஜம். அங்கே குடியிருப்புத் தெருக் கட்டங்களில் இரண்டு வகை. முறையான போக்குவரத்து ஆணையோடு போட்டது ஒன்று, மீறினால் அபராதம். மற்றது அறிவுரைக் கட்டம்: நகராட்சி கோடு போட்டிருக்கும், ஆனால் பின்னால் ஆணை இருக்காது. "தயவுசெய்து விடுங்கள்" என்ற வேண்டுகோள் மாதிரி. யாராவது வேண்டுமென்றே நிறுத்தினால் அபராதம் போட முடியாது.

விண்ணப்பிக்கும்போதே இது எந்த வகை என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே அறிவுரைக் கட்டம்தான் இருக்கிறது, அதை மதிக்கவில்லை என்றால், ஆணையோடு கூடிய கட்டமாக மாற்றச் சொல்லி மனு கொடுங்கள். எத்தனை முறை மீறப்பட்டது என்ற குறிப்பு அப்போது கைகொடுக்கும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எங்க தெருவுல கட்டமே இல்லை. எப்படிக் கேட்டு வாங்கறது? நாங்களே பெயிண்ட் அடிச்சுட்டா என்ன?

நீங்களே அடித்தால் அது வெறும் பெயிண்ட். பொதுச் சாலையில் அனுமதி இல்லாமல் கோடு போட்டதற்கு உங்கள் மேல்தான் புகார் வரும். அதை விட்டுவிடுங்கள்.

தெருப் பார்க்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் நகராட்சி அல்லது போக்குவரத்துத் துறைதான் கேட்க வேண்டிய இடம். பொதுவாக அட்டையின் நகல், அந்த முகவரியில் பதிவான வண்டி, வீட்டு வளாகத்துக்குள் நிறுத்த வழியில்லை என்பதற்கான விவரம் கேட்பார்கள். அப்புறம் ஒருவர் நேரில் வந்து சாலையின் அகலம், முனைத் திருப்பம், சரிவு பார்ப்பார். பல ஊர்களில் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்கிறார்கள். மாதக்கணக்கில் ஆகலாம். ஆட்சேபம் கேட்கும் நிலையில்தான் பல மனுக்கள் சிக்குகின்றன, அதனால் அறிவிப்பு வருவதற்கு முன்பே இரண்டு பக்கத்து வீடுகளிலும் போய் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

தினமும் ஒரே ஆள்தான் நிறுத்தறார். சண்டை போடாம எப்படிச் சொல்றது?

முதல் முறை அவருக்குத் தெரியவில்லை என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள். உண்மையிலேயே தெரியாதவர்கள் நிறைய. அவர் வண்டியை எடுக்க அவசரமாக ஓடும்போது வேண்டாம். பலர் முன்னால் வேண்டவே வேண்டாம். நாலு பேர் முன்னால் தலைகுனிந்தவர் அடுத்த நாள் வீம்புக்காகவே நிறுத்துவார்.

சட்டத்தில் ஆரம்பிக்காமல் நடப்பதைச் சொல்லுங்கள். "அண்ணா, நீங்க நேத்து ராத்திரி நிறுத்தியிருந்தீங்க. நான் கடைசித் தெருவுல விட்டுட்டு வீட்டுக்கு வர முடியலை, பையன் வேலையிலிருந்து வர்ற வரைக்கும் கார்லயே இருந்தேன்." இதைக் கேட்டு முகம் மாறாதவர்கள் குறைவு. முடிந்தால் ஒருமுறை இறங்குவதை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். என் தம்பியிடம் "இதுக்கு எதுக்கு இவ்வளவு இடம்?" என்று கேட்டவர் ஒருவர், அவன் சக்கரம் மாட்டுவதைப் பார்த்த பிறகு தன் வீட்டு விருந்தாளிகளிடமும் சொல்லி வைக்க ஆரம்பித்தார்.

கடைசியில் ஒரு கேள்வியோடு முடியுங்கள்: "இனிமே உங்க வீட்டுக்கு வர்றவங்ககிட்டயும் சொல்லிடறீங்களா?" சரி என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் அது நிற்கும். பேசப் போகும் தெம்பு உங்களுக்கு இல்லையென்றால், அவருக்கும் உங்களுக்கும் வேண்டிய ஒருவரைப் போகச் சொல்லலாம்.

சொல்லியாச்சு, கேக்கலை. கண்ணாடியில சீட்டு ஒட்டலாமா? போட்டோ எடுத்துப் போடலாமா?

சீட்டை வைப்பரில் செருகுங்கள். பசை போட்டு ஒட்ட வேண்டாம். கார் கண்ணாடி பாழானது என்று பேச்சு திசை மாறிவிடும். டயரில் காற்றைப் பிடுங்குவது, காரில் கோடு கிழிப்பது போன்றவற்றைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

போட்டோ எடுங்கள், ஆனால் உங்களுக்காக. வண்டி, நம்பர் பிளேட், தரைக்கோடு, பலகை, முன்கண்ணாடியில் அட்டை இல்லை என்பது எல்லாம் தெரிய வேண்டும். ஒரு நோட்டில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நின்றது, அதனால் உங்களுக்கு என்ன ஆனது என்று ஒரு வரி. கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. அதிகாரி முதலில் படிப்பது அதைத்தான். போட்டோவை ஊருக்குப் பரப்பாதீர்கள். அவர் அட்டையை மறந்து வைத்திருந்தாலோ, நீங்கள் வேறு வண்டியை நினைத்திருந்தாலோ, அப்புறம் அள்ள முடியாது.

அதிகாரபூர்வமா புகார் செய்யணும்னா யார்கிட்ட?

பார்க்கிங் அபராதம் போடும் அதிகாரம் யாரிடம் என்பதுதான் கேள்வி. சில நாடுகளில் நகராட்சி, சிலவற்றில் டிராஃபிக் போலீஸ், தனியார் வளாகம் என்றால் நிர்வாகம். வண்டி நிற்கும்போதே போன் செய்யுங்கள். போன பிறகு சொன்னால் பல இடங்களில் எதுவும் செய்ய மாட்டார்கள். ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப நடந்தால் உங்கள் குறிப்பு நோட்டைக் காட்டி, அந்த நேரத்தில் ரோந்து வரச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.

நாங்க அடுக்குமாடியில இருக்கோம். பார்க்கிங் எல்லாம் ஏற்கெனவே பிரிச்சுக் கொடுத்தாச்சு, மாத்த முடியாதுன்னு சங்கம் சொல்லுது. அவ்வளவுதானா?

அவ்வளவுதான் இல்லை. ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் அணுகல் வசதிக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை ஒட்டி வந்தது. மாநில ஆணையரிடம் முறையிட வழி உண்டு. அமெரிக்காவில் வீட்டுவசதிச் சட்டத்தின்படி, "வந்தவருக்கு முதல் இடம்" என்ற விதி உள்ள குடியிருப்பும் ஒரு மாற்றுத்திறனாளிக்காக அதைத் தளர்த்தித் தனி இடம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

"சலுகை" என்று கேட்காமல், என்ன தேவை என்பதை எழுத்தில் கேளுங்கள்: இவ்வளவு அகலம், லிஃப்டுக்கு இவ்வளவு அருகில், படியில்லாத வழி. யாருடைய இடத்தோடு மாற்றிக்கொள்ளலாம் என்று நீங்களே ஒரு வழியும் சொன்னால் சங்கம் மறுப்பது கடினம். மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயர் இல்லாமலே, தேவையை மட்டும் எழுதி வாங்க முடியும்.

நாங்க நாலு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்து வர்றோம், அந்த இடம் பகல் முழுக்க சும்மாவே கிடக்கு. இது நியாயமா?

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. இடம் இல்லாத தெருவில் ஒரு வெற்றுக் கட்டத்தைத் தினமும் கடந்து போவது எரிச்சல்தான். ஆனால் நீங்கள் நாலு தெரு நடந்து வருகிறீர்கள். அவருக்கு அந்த நாலு தெரு கிடையாது. கட்டம் போனால் அன்றைக்கு வீடு திரும்ப வழியில்லை. அதனால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வெளியே போவதையே நிறுத்திவிடுகிறார்கள். என் தம்பி பல மாலை நேரங்களில் காரை எடுக்கவில்லை, திரும்பி வந்தால் இடம் இருக்காது என்பதற்காக. கட்டம் காலியாக இருந்தால்தான் அவன் நம்பிக் கிளம்ப முடியும்.

உண்மையிலேயே சில மணி நேரம் மட்டும் தேவை என்றால், நேரம் குறித்த பலகை வைக்கச் சில உள்ளாட்சிகளில் வழி இருக்கிறது. அதை அந்த வீட்டாரோடு பேசித்தான் கேட்க வேண்டும். அவராகவே "பத்து மணி வரை வெளியூர், நிறுத்திக்கோ" என்று சொன்னாலும், மேலே சொன்னபடி கட்டம் அவர் பெயரில் இல்லை, அனுமதி கொடுக்க அவருக்கே உரிமை இல்லை.

எனக்கு கால் உடைஞ்சு கட்டுப் போட்டிருக்கு. மூணு மாசம்தான். நான் நிறுத்தலாமா?

அட்டை இல்லாமல் கூடாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் தற்காலிக அட்டை தருகிறார்கள். மருத்துவர் கையெழுத்து வேண்டும். இங்கிலாந்தில் பொதுவாக நீண்ட காலக் குறைபாட்டுக்குத்தான். கிடைக்காத ஊரில் இருந்தால், பக்கத்து வீட்டாரிடம் அவர்களுடைய சாதாரண இடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

புகார் கொடுத்ததுல இருந்து வேணும்னே மறிச்சு நிறுத்தறார், ஜாடை பேசறார். பயமா இருக்கு.

இது இனி பார்க்கிங் விஷயம் இல்லை, தொல்லை கொடுப்பது. நேரில் பேசுவதை நிறுத்துங்கள். அதே நோட்டில், அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே, சாட்சி யார் என்பதோடு எழுதி, போலீஸில் தனிப் புகாராகக் கொடுங்கள். மாற்றுத்திறனாளி என்பதைக் குறிவைத்துப் பேசினால் அதையும் சொல்லுங்கள். பிரிட்டனில் அது வெறுப்புக் குற்றமாகப் பதிவாகும். வாடகை வீட்டில் இருப்பவர் என்றால் வீட்டு உரிமையாளரிடமும் ஒரு நகல் போகட்டும்.

"எதுக்கு வம்பு, பொறுத்துப் போ" என்பவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். அவர்களிடம் அறிவுரை வேண்டாம், உங்கள் கார் வந்து நிற்கும்போது பத்து நிமிடம் வாசலில் நிற்கச் சொல்லுங்கள். இன்னொரு ஆள் நிற்கிறார் என்றாலே பலர் அடங்குகிறார்கள்.

எதிர் வீட்டுப் பெரியவர் காலமாயிட்டார். கட்டம் இன்னும் இருக்கு. இனி நிறுத்தலாம்தானே?

கோடு இருக்கும் வரை கட்டம் உயிரோடுதான் இருக்கிறது. மேலே சொன்னபடி அட்டை உள்ள மற்றவர்கள் நிறுத்துவார்கள். நகராட்சிக்குத் தெரியப்படுத்தினால், அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தேவை இல்லை என்று பார்த்து அழிப்பார்கள். அதை அந்தக் குடும்பம் செய்ய விடுங்கள். காரியங்கள் முடிந்து கொஞ்ச நாள் போகட்டும். அவருடைய அட்டையையும் அவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும், யாராவது கேட்டார்கள் என்று கொடுத்துவிடக் கூடாது. கோட்டை அழிப்பதற்கு முன் அதே தெருவில் அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அவர் புதிதாக மனு போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.